தறிவீட்டு நோட்டில் உங்கள் பெயர்

காஞ்சிபுரத்துத் தறிவீட்டு அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும்,



பிள்ளையார்பாளையத்திலும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தறியோடு வாழ்கிற உங்களிடம் நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கூலியைப் பற்றி, ஜரிகை விலையைப் பற்றி, விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று சொல்லி விற்கிற மோசடியைப் பற்றிச் சங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் எழுத வேண்டிய கடிதங்கள் பல உண்டு. அவற்றை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இந்த மடல் உங்களுக்கு மட்டும். தறிச் சத்தத்தில் வளர்ந்து, ராட்டையில் தார் சுற்றிய கை என்ற உரிமையில் எழுதுகிறேன்.

உங்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. வாங்கிவந்த பட்டு எத்தனை கிராம், ஜரிகை எத்தனை கிராம், முடித்துக் கொடுத்த புடவை எவ்வளவு எடை, முன்பணம் எவ்வளவு, பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று வரிவரியாக எழுதிய நோட்டு. எடையில் கொஞ்சம் குறைந்தாலும் கேள்வி வரும். அதனால் அந்தக் கணக்கில் நீங்கள் கண்ணும் கருத்துமாக இருக்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட எந்தப் புடவைக்கு எவ்வளவு ஜரிகை போயிற்று என்று வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவாள். இப்போது கேட்கிறேன்: உங்கள் எடை எவ்வளவு? கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ரத்த அழுத்தம் எவ்வளவு? ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு? இந்த வருஷம் உங்களுக்காக, உங்கள் உடம்புக்காக, என்ன செய்துகொள்ளப் போகிறீர்கள்? இவற்றில் எதையாவது எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா?

"எனக்கென்ன தனியா? பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், பையன் படிப்பை முடிக்கணும், வாங்கின முன்பணம் அடையணும்" என்று நீங்கள் சொல்வது என் காதில் விழுகிறது. எல்லாமே நியாயமான ஆசைகள். எதையும் விடச் சொல்லவில்லை. ஆனால் இவை அத்தனையையும் சுமந்து முடிக்க வேண்டிய உடம்பு உங்களுடையது. அந்த உடம்பைப் பற்றிய ஒரு வரிகூட உங்கள் ஆசைப் பட்டியலில் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பார்த்ததைச் சொல்கிறேன். எனக்கு முன்னால் இருந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். வலது ஆள்காட்டி விரலில் மெல்லிய வெட்டுக்கோடு ஒன்று ஓடியிருந்தது. வருஷக்கணக்கில் பட்டிழை ஓடிய விரல். டாக்டரம்மா, "நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். "காலையில இட்லி ஊத்தினேன் டாக்டர். மத்தியானம் சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், பெரியவனுக்கு ஒரு முட்டை. ராத்திரிக்குத் தோசை" என்றார் அக்கா. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "அதெல்லாம் சரி, நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று மறுபடியும் கேட்டார். அக்காவால் பதில் சொல்ல முடியவில்லை. மறைக்கவில்லை, உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. சமைத்தது அத்தனையும் நினைவிருந்தது, சாப்பிட்டது நினைவில்லை.

அந்த அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் இடத்தில் நம் தெருப் பெண்கள் யாரை உட்கார வைத்தாலும் ஏறக்குறைய அதே பதில்தான் வந்திருக்கும். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை, நின்றுகொண்டோ அடுப்படியில் குந்தியோ சாப்பிடுவதை நாம் சாப்பாடு என்றே எண்ணுவதில்லை. மிஞ்சவில்லை என்றால் ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். அடுத்து ராட்டைக்கு ஓடிவிடுவோம்.

அமுதசுரபியோடு மணிமேகலை வந்து சேர்ந்த ஊர் இது. வறட்சியில் வாடிய கச்சி நகரத்து மக்களுக்கு அவள் சோறிட்டதைக் காப்பியம் பாடி வைத்திருக்கிறது. அந்தப் பெருமையைப் பட்டிமன்றங்களில் கேட்டுக் கைதட்டுகிறோம். அடுத்தவர் பசியை ஆற்றும் பெண்ணைக் கொண்டாட நம் ஊருக்கு நன்றாகத் தெரியும். அவள் சாப்பிட்டாளா என்று கேட்கும் பழக்கம்தான் வரவில்லை. அந்தக் கேள்வியை இனி வேறு யாரும் வந்து கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே உங்களைக் கேளுங்கள், பதிலை எழுதுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நிலைமை எவ்வளவு தீவிரம் என்பதற்கு ஊரறிந்த கணக்கு ஒன்று. 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வு, தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக உடல் எடை கொண்டவர்கள் என்றும் சொல்கிறது. ஒரே மாநிலத்தில், பல நேரம் ஒரே உடம்பில், எடையும் கூடுகிறது, ரத்தமும் குறைகிறது. வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை என்பதுதான் இதன் பொருள். சோற்றையும் டீயையும் கொண்டு நாளை ஓட்டினால் இப்படித்தான் ஆகும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், மதியம் மூன்று மணிக்குக் கண் இருட்டுவதையும் "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். முப்பத்தெட்டு வயது, வயதாகிற வயதா? கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. அதற்கு மருந்தும் உண்டு, உணவும் உண்டு.

டீயைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தறிவீட்டில் டீ இல்லாமல் வேலை ஓடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டோடு சேர்த்தோ சாப்பிட்ட கையோடோ டீ குடித்தால், சாப்பிட்ட முருங்கைக்கீரையின் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை அது குறைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும், செலவே இல்லாத வைத்தியம். கீரையோடு ஒரு துண்டு நெல்லிக்காயோ நாலு சொட்டு எலுமிச்சையோ சேர்த்தால் அந்தச் சத்து இன்னும் நன்றாகச் சேரும். அடுத்தது சர்க்கரை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு ஐந்து டீ என்று வையுங்கள்: பத்து ஸ்பூன், 40 கிராமுக்குக் குறையாது. நாளைக்கு 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2023-ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டு அலமாரியில் அந்த மாத்திரை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்து, வேலை. கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட, பக்கத்தில் துணை ஆள் உட்கார வேண்டும். முன்பு அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனதும் அந்த இடத்துக்கு நீங்கள் வந்தீர்கள். அதற்கு முன்னால் நூல் பிரித்து, தார் சுற்றி, விடியலில் தெருவில் பாவு நீட்டும்போது கூட நின்று, அறுந்த இழையைப் பிணைத்து முடித்திருப்பீர்கள். இந்தியாவின் கைத்தறித் தொழிலாளர்களில் 72 சதவீதம் பெண்கள் என்று 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆனால் நம் வீட்டுக் கணக்கு நோட்டில் பெரும்பாலும் ஒரு பெயர்தான் இருக்கும். அது உங்கள் பெயராக இருப்பது அபூர்வம்.

இந்த வேலையில் உங்கள் உடம்புக்கு நடப்பதை உங்களைவிட யாரும் நன்றாகச் சொல்ல முடியாது. ராட்டைப் பக்கத் தோள் மட்டும் மரத்துப்போவது. தரையில் சம்மணமிட்டு எழும்போது முழங்கால் பிடித்துக்கொள்வது. கருநீலப் பாவில் கறுப்பு இழை தேடித் தேடிக் கண் எரிவது. இவற்றைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: தண்ணீர். நாடா ஓடும்போது நடுவில் எழுந்தால் வேலை நிற்கும், அவர் முகம் சுளிப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்கள். சித்திரை வெயிலில்கூட. அடிக்கடி சிறுநீர்க் கடுப்பு வருவதை வெளியில் சொல்லவும் வெட்கப்படுகிறீர்கள். பட்டுக்குப் பதம் பார்க்கத் தெரிந்த வீட்டில், காற்று கொஞ்சம் காய்ந்தாலும் இழை அறும் என்று தெரிந்த வீட்டில், உங்கள் தொண்டை மட்டும் ஏன் காய்ந்து கிடக்க வேண்டும்?

பசி தெரியாமல் இருக்க வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். நீட்டி முழக்காமல் சொல்கிறேன்: விட்டுவிடுங்கள், அது புற்றுநோயைக் கொண்டுவரும். தறிக்குடும்பத்தில் பிறந்து முதலமைச்சரான நம் ஊர் அண்ணாவை 1969 பிப்ரவரி 3-ல், அறுபது வயதுகூட நிறையாத நிலையில், புற்றுநோய்தான் கொண்டுபோயிற்று. அவர் பெயரில் காரப்பேட்டையில் இருக்கிற புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். எத்தனை ஊர்ப் பெண்கள் அங்கே காத்திருக்கிறார்கள் என்று தெரியும். பசித்தால் சாப்பிடுங்கள். பசியை மரத்துப்போக வைக்காதீர்கள்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள்.

நோட்டு ஒன்று வாங்கச் சொல்கிறேன். கடனுக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கம் வேண்டாம். பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் மிஞ்சிய தாளும் வேண்டாம். மிஞ்சியதைச் சாப்பிட்டது போதும், மிஞ்சியதில் எழுதவும் வேண்டாம். புது நோட்டு, உங்கள் பெயரில். அதில் ஒரு மண்டலம் எழுதுங்கள். மண்டலம் என்றால் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கணவருக்காக, பிள்ளைக்காக, வீட்டுக் கஷ்டம் தீர 48 நாள் விளக்கேற்றியிருக்கிறீர்கள். சஷ்டி, ஏகாதசி, சோமவாரம், ஆடி வெள்ளி என்று வருஷம் பூராவும் விரதம் இருக்கிறீர்கள். இவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்த ஒழுங்கில் ஒரே ஒரு மண்டலத்தை உங்கள் பெயருக்குச் சங்கல்பம் செய்துகொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். (சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி விரதம் இருக்க வேண்டாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து.)

ஒரு மண்டலத்துக்கு ஓர் இலக்கு போதும். "இனி ஆரோக்கியமா இருப்பேன்" என்று எழுதாதீர்கள். அளவு சொல்லாமல் கொடுத்த பட்டுக்குக் கணக்குக் கேட்க முடியுமா? "மத்தியானச் சாப்பாட்டை ஒன்றரை மணிக்குள், உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்து சாப்பிடுவேன்." "டீயில் சர்க்கரை ஒரு ஸ்பூன்." "தறிப் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர், சாயங்காலத்துக்குள் மூன்று முறை காலியாக வேண்டும்." "வாரம் மூன்று நாள் கீரை, அதில் முதல் கரண்டி எனக்கு." இப்படி எழுதுங்கள். உங்களால் முடிந்ததையும் உங்கள் வீட்டில் நடக்கக்கூடியதையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டு அக்காவின் இலக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள். டிவியில் ஒருவர் சொன்ன சிறுதானியப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடி மாதக் கூழுக்கு நீங்கள் வாங்குகிற கேழ்வரகே போதும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அம்மனுக்கு ஊற்றுகிற கூழை மற்ற மாதங்களில் உங்களுக்கும் ஊற்றிக்கொள்ளலாம்.

தினமும் ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன் அந்த நோட்டில் சில வரி. இன்று நான் சாப்பிட்டது என்ன, எத்தனை மணிக்கு. உடம்பு எப்படி இருந்தது. மனசில் என்ன ஓடியது. முதல் சில நாள் எழுதுவதற்கே கூச்சமாக இருக்கும். "காலை: டீ. பதினொரு மணி: டீ, பன். மூன்று மணி: சோறு, ரசம், ஊறுகாய்" என்று கண்ணெதிரே பார்க்கும்போது உங்களுக்கே கோபம் வரும். வரட்டும். அந்தக் கோபம் உங்களுக்கு வர வேண்டிய கோபம்தான். எழுதுவதால் மட்டும் என்ன மாறிவிடும் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க முயன்ற ஏறத்தாழ 1,700 பேரிடம் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், சாப்பிட்டதைத் தினமும் எழுதி வைத்தவர்கள் எழுதாதவர்களைப் போல இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். கணக்கு எழுதும் வீட்டில் பிறந்த உங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

திருக்குறளில் "மருந்து" என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பெயரைப் பார்த்து மூலிகைப் பட்டியலைத் தேடினால் கிடைக்காது. அதில் பெரும்பகுதி, முன்பு உண்டது செரித்ததா என்று பார்த்து, பசி அறிந்து, அளவறிந்து உண்பதைத்தான் பேசுகிறது. அந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரைக் காஞ்சிக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம். பசித்ததா, செரித்ததா, எவ்வளவு உண்டோம் என்று கவனிக்கச் சொல்லும் அந்தப் பாடத்தை நடத்திப் பார்க்க ஒரு பேனாவும் நோட்டும் போதும்.

"எனக்கு எழுத வராதே" என்று சொல்லப்போகிறீர்கள். இதற்கு நம் பக்கத்து ஊரிலிருந்தே பதில் இருக்கிறது. நீர்வளூர்க் குடும்பத்தில் 1901-ல் பிறந்த கோதைநாயகிக்கு ஐந்தரை வயதில் கல்யாணம் ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் படிப்பு இல்லை. மனசில் கதை இருந்தது, அதைத் தாளில் இறக்கக் கை பழகவில்லை. தோழி ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வாயால் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். அப்படி வந்ததுதான் அவருடைய முதல் நாடகமான "இந்திரமோகனா". 1925-ல் "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தத் தொடங்கினார். நூறு நாவல்களுக்கு மேல் எழுதி வை.மு. கோதைநாயகி அம்மாளாக நாடறிந்தார். உங்களை நாவல் எழுதச் சொல்லவில்லை, மூன்று வரிதான் கேட்கிறேன். கை வரவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகிற மகளை உட்கார வைத்துச் சொல்லுங்கள், அவள் எழுதட்டும். அம்மா இன்று என்ன சாப்பிட்டாள் என்று மகளுக்கும் தெரியட்டும். அவளுக்கு அதைவிடப் பெரிய படிப்பு நீங்கள் தர முடியாது.

எழுதப் பழகியபின் நோட்டில் இன்னும் கொஞ்சம் இடம் கேட்பேன். எஸ். மீனாட்சி அம்மாள் "சமைத்துப் பார்" என்று 1951-ல் ஒரு புத்தகம் போட்டார். கைக்குள்ளும் கண்ணுக்குள்ளும் இருந்த அளவுகளைத் தாளில் எழுதியதால், அவர் வீட்டுச் சமையல் கல்யாணமாகிக் கண்காணாத ஊர் போன பெண்களின் அடுப்புவரை போயிற்று. உங்கள் சமையலை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? காஞ்சிபுரம் இட்லியைப் பற்றி வெளியூர்க்காரர்கள் எழுதாத பத்திரிகை இல்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க வெந்து வருகிற இட்லி அந்தப் புகழுக்கு உரியதுதான். ஆனால் விடியலில் பாவு போடப் போகிறவர்களுக்கு உங்கள் மாமியார் கரைத்துக் கொடுத்த கஞ்சி, அடைமழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் ஊறி வேலை நின்றுபோன வாரங்களில் கையில் காசில்லாமல் நீங்கள் வைத்த குழம்பு, பிள்ளை பெற்றவளுக்கு அரைத்த மருந்து, கொள்ளு ரசம், பிரண்டைத் துவையல் ஆகியவற்றின் அளவு உங்கள் உள்ளங்கையில் மட்டும் இருக்கிறது. நம் புடவையின் கதையை விற்பவர்கள் எழுதினார்கள், படம் எடுப்பவர்கள் எடுத்தார்கள், ஆராய்ச்சி செய்பவர்கள் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அந்தப் புடவையை நெய்த வீட்டின் அடுப்பை எழுத உங்களைத் தவிர ஆளில்லை.

நடப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். நாளைக்கு அரை மணி, வாரத்தில் ஐந்து நாள். நாள் பூராவும் ஓடி ஆடித்தானே வேலை செய்கிறோம் என்று சொல்லாதீர்கள். ராட்டை முன்னாலும் தறிப் பக்கத்திலும் உட்கார்ந்தே இருக்கிறோம். அடுப்படியில் நின்றே இருக்கிறோம். நடக்க நம் ஊரைப் போல வசதியான ஊர் இல்லை. ஏகாம்பரநாதர் கோயில் பிரகாரத்தைச் சுற்றினாலே நல்ல நடை. அங்கே போனால் யாரும் "எங்கே கிளம்பிட்டே?" என்று கேட்கவும் மாட்டார்கள். உங்களில் பலர் மூச்சு விடுவதற்காகவே சாயங்காலம் கோயிலுக்குப் போகிறீர்கள் என்பதை நான் அறிவேன். சாமி கும்பிடுங்கள், சந்தோஷம். ஆனால் நடக்கக் கிளம்பும் நாளில், "நடக்கப் போறேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். உங்கள் உடம்புக்காக அரை மணி நேரம் வெளியே போவதற்கு அம்மனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இருக்கக் கூடாது. சொல்லிப் பழகினால்தான் வீடும் கேட்டுப் பழகும்.

வீட்டில் பேச்சு வரும். "புதுசா என்ன டயரியெல்லாம்?" என்பார்கள். "முதல்ல சாப்பிட உட்கார்ந்துட்டாளா?" என்று மாமியார் முணுமுணுப்பார், அவரும் நாற்பது வருஷம் கடைசியில் சாப்பிட்டவர் என்பதால் அந்தக் கசப்பு. அவரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஆண்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது அதிகமில்லை: மதியம் அரை மணி தறி நிற்கட்டும், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம் என்பதுதான். அந்த அரை மணியில் நெய்வது சில விரற்கடை. அதனால் எந்தப் புடவையும் நின்றுவிடாது. நிமிர்ந்து உட்கார முடியாத உடம்போடு துணை ஆள் படுத்துவிட்டால்தான் தறி நிற்கும். இதை அவர்களுக்குச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், கணக்காகச் சொல்லுங்கள். கணக்கு அவர்களுக்குப் புரியும்.

பணத்துக்கு என்ன செய்வது என்றும் கேட்கலாம். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் உங்களில் பலருக்கு வருகிறது. அந்தத் திட்டம் 2023 செப்டம்பர் 15-ல் நம் காஞ்சிபுரத்தில்தான் தொடங்கியது. பணம் உங்கள் கணக்கில் வருகிறது, எடுத்த உடனே மளிகைக்கோ வட்டிக்கோ போய்விடுகிறது. அதில் நூறு ரூபாயை மட்டும் உங்கள் உடம்பின் பெயரில் எடுத்து வையுங்கள்: நோட்டு, நெல்லிக்காய், நாலு முட்டை, ஒரு கட்டுக் கீரை. சர்க்கரை, ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு அந்த நூறும் தேவையில்லை. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். "அவரைப் பாருங்க, அத்தையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். உங்கள் கையையும் நீட்டுங்கள். அவர்கள் சொல்கிற எண்ணை அன்று ராத்திரி நோட்டில் எழுதுங்கள்.

தறிக்குடும்பத்துப் பிள்ளையான அண்ணா "தம்பிக்கு" என்று எழுதிய கடிதங்கள் தமிழ்நாட்டையே படிக்க வைத்தன. "திராவிட நாடு" இதழை அவர் 1942-ல் தொடங்கியது இதே காஞ்சியில். எழுத்தைக் கொண்டு தங்களை உயர்த்திக்கொண்டவர்களின் ஊர் இது. தங்கைகளும் அக்காக்களும் தங்களைப் பற்றித் தாங்களே எழுதிக்கொள்ளும் காலம் இன்னும் வரவில்லை என்றால், அதை நாம்தான் தொடங்க வேண்டும்.

என் வேண்டுகோளுக்கு வருகிறேன். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடுகிறார்கள். அன்று நம் புடவைகளுக்கு மேடை போடுவார்கள், மூத்த நெசவாளர்களுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். ஜூன் 20-ல் நோட்டைத் திறந்தால் ஆகஸ்ட் 6-ல் உங்கள் மண்டலம் நிறையும். ஒரு தெருவுக்கு ஐந்து பேர் சேருங்கள். வாரம் ஒரு சாயங்காலம் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நோட்டோடு உட்காருங்கள். யார் எவ்வளவு எடை குறைத்தார்கள் என்ற போட்டி வேண்டாம். சாப்பிட்டேனா, தண்ணீர் குடித்தேனா, நடந்தேனா என்று மட்டும் பேசுங்கள். எழுதாத நாள் இருந்தால் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். அறுந்த இழையைப் பிணைத்துவிட்டு மேலே நெய்கிறவர்கள்தானே நாம்.

ஆகஸ்ட் 7 அன்று ஐந்து ஐந்து பேராக, அந்த நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாத் தெருவினரும் ஒரே கோயில் மண்டபத்தில் கூடுவோம். ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருத்தி எழுந்து, தன் நோட்டிலிருந்து ஒரு பக்கம், தான் சாப்பிட்ட ஒரு நாளை, வாய்விட்டு வாசிக்கட்டும். கூச்சமாக இருந்தால் நான் முதலில் வாசிக்கிறேன். எனக்கு அடுத்து நீங்கள் வாசியுங்கள்.

அன்புடன்,
பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுப் பெண்